தகப்பனில்லாப் பிள்ளைகள் நிதி

—செத்துட்டான்னு எழுதிடுங்க, டீச்சரம்மா. ஒரே வார்த்தைதானே.

—சேசுவே! உயிரோட என் எதிர்ல உக்காந்துக்கிட்டு என்ன பேச்சு பேசுறீங்க, வாலண்டைன்?

—உக்காந்திருக்கிறதுதான் தப்புன்னா எந்திரிச்சு நிக்கிறேன்.

—விளையாடாதீங்க. அந்தப் பணம் கிள்ளான் முதலாளி ஒருத்தர் நம்ம பள்ளிக்கூடத்துக்கு எழுதி வச்சிட்டுப் போனது. தகப்பன் இல்லாத பிள்ளைங்களுக்குன்னே எழுதியிருக்காரு. விடுதியில இடம், மூணு வேளை சோறு, புஸ்தகம், காலுக்குச் சப்பாத்து எல்லாம் அதுலதான். தாயில்லாத பிள்ளைக்கு அதுல இடமில்ல. நான் என்ன செய்ய?

—என் மக டோரிஸோட அம்மா மகதலேனா செத்தது செல்லாது, நான் செத்தாத்தான் செல்லும்னா, செல்லுற சரக்கைத்தானே கொண்டாந்து வைக்கணும்? வச்சிட்டேன்.

—பேசாம பிள்ளையையும் கூட்டிக்கிட்டு ஊருக்கே போயிடுங்களேன். வேலை போனவங்களுக்குத்தான் சர்க்கார் ஓசியிலேயே கப்பல் டிக்கெட் கொடுக்குதே.

—கொடுத்திருக்கு, இல்லேங்கல. அவளுக்கும் சேர்த்துத்தான். வெள்ளிக்கிழமை போர்ட் சுவெட்டன்ஹாம்ல கப்பல். ஆனா போயி? ஊர்ல எங்கண்ணன் செங்கச் சூளையில கூலி. அவன் பிள்ளைங்க பூரா அங்கதான் மண்ணு மிதிக்குது. இவளும் போயி மிதிக்கணும். இங்க வகுப்புலேயே முதல் பொண்ணு. இங்கிலீஷ்ல என்னையே திட்டுறா, டீச்சரம்மா!

—திட்டுறாளா?

—‘லேசி மேன்’ன்னா. ரயில்வேயில என்னை நிறுத்தின அன்னிக்கு மத்தியானமே வீட்டுக்கு வந்துட்டேன், அதுக்கு. அப்புறம் விஷயம் தெரிஞ்சு ராத்திரி பூரா ஒரே அழுகை.

—இங்கேயே வேற வேலை பாத்தா என்ன?

—பாக்காமலா? பிரிக்பீல்ட்ஸ்ல ரயில்வே வீட்டைக் காலி பண்ண சொல்லிட்டாங்க. துணி மூட்டை தூக்கி பாசார் பாசாரா அலைஞ்சேன். பேரமெல்லாம் நல்லாத்தான் படிஞ்சது. வாங்கத்தான் யார் மடியிலயும் காசில்ல.

—பொய் எழுத எனக்குக் கை வராது. தெளிவா சொல்லிட்டேன்.

—சரி, இதையாவது சொல்லுங்க. ஹால்ல புதுசா ஒரு பியானோ நிக்குதே, அது எந்தப் பணம்?

—அது… நம்ம பள்ளிக்கூடத்துப் பெரிய கன்னியாஸ்திரி, மதர் வாங்கினது.

—எந்தப் பணம்னு கேட்டேன் லா.

—அந்த நிதிதான். பிள்ளைங்க எல்லாரும் பாட்டுக் கத்துக்கட்டும்னு வாங்கினாங்க.

—பியானோவுக்குத் தகப்பன் இல்லைன்னு யாரு எழுதிக் கொடுத்தா?

—மெதுவா பேசுங்க! கதவு திறந்திருக்கு, டோரிஸ் வராந்தாவுலதான் உக்காந்திருக்கா.

—அவளுக்கு எதுவும் தெரியாது. பீஸ் கட்ட தவணை கேக்க வந்திருக்கேன்னு நினைச்சுக்கிட்டிருக்கா.

—அந்தப் பியானோ வந்தப்போ நானும் மதர்கிட்ட கேட்டேன், வாலண்டைன். இந்தக் காசுல இன்னும் ரெண்டு பிள்ளைங்களைச் சேத்துக்கலாமேன்னு. ‘உனக்குப் பாட்டே பிடிக்காதா, ஜோசஃபின்?’னு சிரிச்சாங்க. நானும் வாயை மூடிக்கிட்டேன்.

—அந்த ரெண்டுல ஒண்ணைத்தான் இப்பக் கேக்குறேன்.

—எழுதினா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? செத்தவன் திரும்பி வர முடியாது. நாளைக்கே காலம் மாறி நல்ல வேலை கிடைச்சாலும், இந்த கேட்டுல வந்து நிக்கக்கூடாது.

—கிறிஸ்மஸுக்குக்கூடவா?

—கிறிஸ்மஸுக்கும்தான்.

—கடுதாசி?

—கூடாது. மதர் எல்லாத்தையும் பிரிச்சுப் படிப்பாங்க.

—மாமான்னு போட்டு எழுதுறேன். மாசம் ஒண்ணு.

—வருஷம் ஒண்ணு.

—ரெண்டா வைங்க. ஈஸ்டருக்கு ஒண்ணு, அவ பொறந்த நாளுக்கு ஒண்ணு.

—மீனுக்கு விலை கேக்குற மாதிரி கேக்குறீங்களே, செத்தவன் பேச்சா இது?

—செத்தவன்னா சும்மா கிடப்பான். நான் இனிமேத்தானே சாகப்போறேன்? விலை கேக்காம எப்படி?

—சரி, ரெண்டு. ஆனா ‘என் மகளே’ன்னு ஒரு எழுத்து இருக்கக்கூடாது.

—‘டோரிஸுக்கு’ன்னு மட்டும் போடுறேன்.

—இன்னொண்ணு. நவம்பர்ல ஆத்துமாக்கள் திருநாள் வரும். விடுதிப் பிள்ளைங்க எல்லாம் அவங்கவங்க அப்பா பேரைச் சொல்லி மெழுகுவத்தி ஏத்துவாங்க. இவளும் ஏத்தணும்.

—உயிரோட இருக்கிறவனுக்கு ஏத்தினா பாவமா, டீச்சரம்மா?

—எனக்குத் தெரியல.

—அப்ப ஏத்தட்டும். எங்க ஊர்ல அப்ப அடைமழை, ஒரே இருட்டாத்தான் கிடக்கும்.

—சேசுவே… அந்தப் பிள்ளை எப்படித் தாங்குவா? மதர் ஒரு வார்த்தை கேட்டாப் போதும், அழுது உண்மையைக் கொட்டிடுவா.

—நான் கப்பலேறின பிறகு நீங்களே பக்குவமா சொல்லிடுங்க. அதை மட்டும் என் வாயால சொல்ல முடியாது. மத்ததுக்கெல்லாம் நான் தயார்.

—இல்ல. இதுல பேரம் கிடையாது. பிள்ளைக்குச் சம்மதமில்லாம நான் பேனாவைத் தொடமாட்டேன். கூப்பிடுறேன், நீங்களே சொல்லுங்க.

—டீச்சரம்மா, வேணாம்… கொஞ்சம் பொறுங்க…

—டோரிஸ்! உள்ள வாம்மா.

—இதோ, டீச்சர்.

—இப்படிக் கிட்ட வா. உங்கப்பா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு…

—எங்கப்பா செத்துட்டாரு, டீச்சர். இவரு யாரோ, வழி தெரியாம வந்துட்டாரு போல. கேட் வரைக்கும் கையைப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போயி விட்டுட்டு வரட்டுமா?