ஆடி வெள்ளியில் அறுத்த நிலைப்படி

இராமநாதபுரம் ஜில்லா, சாத்தூர் தாலுகா, விஸ்வநத்தம் கிராமம் கீழத்தெருவில் குடியிருக்கும் கருப்பணன் மகள் முத்துப்பேச்சி, வயது 31, பட்டாசுக் கம்பெனியில் திரி சொருகும் கூலி வேலை, 1963ஆம் வருஷம் ஆடிக் கடைசி வெள்ளிக்கு மறுநாள் சப் இன்ஸ்பெக்டர் அவர்கள் விசாரித்ததில் சொல்லியது:

எனக்கு விவரம் தெரியாத வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு காலும் விளங்காமல் போய்விட்டது. டயர்த் துண்டுகளைக் கையில் மாட்டிக்கொண்டு ஊர்ந்துதான் போய் வருவேன். ஜெயச்சந்திரன் முதலாளி கம்பெனியில் பல வருஷமாக வேலை பார்க்கிறேன். முன்பு இருந்தது ஓலை செட். அதற்குத் தரையோடு தரையாக வாசல் என்பதால் யார் தயவும் இல்லாமல் நானே போவேன், வருவேன்.

சென்ற தை மாதம் ஓடு வேய்ந்த புது செட் கட்டினார்கள். நிலை வைக்கும்போது கொத்தனார் சங்கிலிமுத்து, "கீழ்ச்சட்டம் வேண்டாம் மொதலாளி, தரையோட விட்டுருவோம். முத்துப்பேச்சிக்குத் தோதா இருக்கும்" என்று சொன்னார். முதலாளிக்கும் சம்மதம்தான். அவருடைய தாயார் ஆவுடைத்தாய் அம்மாள், நிலைப்படி இல்லாத வாசலில் லட்சுமி தங்கமாட்டாள் என்று பிடிவாதமாக நின்று, முழங்கால் உயரத்துக்குக் கீழ்ச்சட்டம் போட வைத்து, அடியில் நவதானியம் போட்டு, மஞ்சள் குங்குமம் வைத்துப் பூஜை செய்தார்கள். குடியிருக்கிற வீட்டுக்குச் செய்வதை வெடிமருந்து இருக்கிற செட்டுக்கும் செய்துவிட்டார்கள்.

அதன் பிறகு ஒரு நாள் நான் படியின்மேல் குப்புறப் படுத்து உருண்டு உள்ளே போனதை அந்த அம்மாள் பார்த்துவிட்டு, "ஏட்டி, நிலைப்படியில படுக்கியே, வெளங்குமா?" என்று சத்தம் போட்டார்கள். அதிலிருந்து காலையில் இரண்டு பேர் என்னைத் தூக்கி உள்ளே வைப்பார்கள், சாயங்காலம் தூக்கி வெளியே வைப்பார்கள். ஒன்றுக்குப் போவதற்கு ஆண்பிள்ளைகளைக் கூப்பிட வெட்கப்பட்டு, வேலை முடியும்வரை தண்ணீர் குடிக்காமல் இருப்பேன். சரிவு போட்டுத் தாருங்கள் என்று முதலாளியிடம் கேட்டபோதெல்லாம், சீசன் முடியட்டும் என்றார்.

ஆடி பிறந்த பின் ஒரு மத்தியானம் திரிக்கட்டு ஒன்றில் தீப்பிடித்தது. பின்வாசலை மறித்து லோடு அடுக்கியிருந்ததால் எல்லோரும் முன்வாசலுக்கு ஓடினார்கள். எனக்குப் பக்கத்தில் வேலை பார்க்கும் சின்னத்தாய்க்கு நல்ல கால்தான். அவள் கால் படியில் தட்டி, படிக்குக் குறுக்கே குப்புற விழுந்தாள். பின்னால் வந்தவர்கள் அவளை மிதித்துத் தாண்டியதில் கை ஒடிந்து அவளால் எழுந்திருக்க முடியவில்லை. நான் கடைசியாக ஊர்ந்து வந்து பார்த்தால் வாசலை அடைத்துக்கொண்டு அவள் கிடக்கிறாள். முதுகில் அனல் அடிக்கிறது. அவள் தலையைத் திருப்பி, "ஏறிப் போக்கா. என்னையப் பாக்காத, ஏறு" என்றாள். நான் அவள் முதுகில் முழங்கையை ஊன்றி ஏறி அந்தப் பக்கம் விழுந்தேன். வெளியே நின்றவர்கள் என்னை இழுத்துப் போட்ட பிறகுதான் அவளை இழுத்தார்கள். அதற்குள் அவள் சேலையில் தீப்பிடித்து, இரண்டு காலும் வெந்துவிட்டன. மதுரை பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறாள். இனி நடப்பாளா என்பது தெரியாது என்கிறார்கள்.

செட்டுக்கு அதிகச் சேதம் இல்லை. பின்வாசல் லோடு அப்படியே இருக்க, படியில் ரத்தம் பட்டது தீட்டு என்று அந்த அம்மாள் மஞ்சள்நீர் விட்டுக் கழுவி, புதுக் குங்குமம் வைத்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. இதுதான் நான் செய்ததற்குக் காரணம்.

நேற்று கம்பெனிக்கு லீவு விட்டு எல்லோரும் இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போயிருந்தார்கள். நான் போகவில்லை. ரம்பம் கொண்டுபோய், பொறி பறக்கக்கூடாது என்று ஈரச் சாக்கைப் பரப்பி, தண்ணீர் தெளித்துத் தெளித்து, நிலைப்படியை இரண்டு பக்கமும் அறுத்து எடுத்தேன். ரம்பம் யார் கொடுத்தது என்று கேட்கிறார்கள். அதைச் சொல்லமாட்டேன். கம்பெனிக் காவல்காரர் ஒச்சப்பன் ஓடி வந்து, "ஏத்தா, ஆடி வெள்ளியும் அதுவுமா நிலையை அறுக்கியே, அடுக்குமா?" என்றார். "தீ நாளு பாத்தா வந்துச்சு? தள்ளி நில்லுங்கண்ணே" என்று சொன்னேன். அதன் பிறகு படி இருந்த இடத்தில் செங்கல் துண்டும் மண்ணும் போட்டு, கையால் தட்டிச் சரிவு செய்து, அதன் வழியாக உள்ளே போய் வெளியே வந்தேன். எவரும் என்னைத் தூக்கவில்லை. சாயங்காலம் போலீஸார் வந்து என்னை அழைத்து வந்தார்கள்.

இன்று காலை முதலாளி ஸ்டேஷனுக்கு வந்து, "தெரியாமச் செஞ்சுட்டேன்னு அம்மா கால்ல விழுந்துரு. புகாரை வாபஸ் வாங்கிக்கிடுதேன். நீ வீட்டுல இருந்தே வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டு, கூலி கொடுத்து விடுதேன்" என்று சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் திங்கட்கிழமை நல்ல நேரத்தில் புது நிலைப்படி வைக்கப்போகிறார்களாம். நான் வீட்டோடு கிடக்க வேண்டும், படி அங்கேயே இருக்க வேண்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம். நான் சம்மதிக்கவில்லை. தெரிந்தேதான் அறுத்தேன். திரும்ப வைத்தால் திரும்ப அறுப்பேன்.

நான் சொன்னதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். எல்லாம் உள்ளது உள்ளபடியே இருக்கிறது. இன்னும் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டதற்கு, என்ன தண்டனை கொடுத்தாலும் சரி, இனி இன்னொருத்தி முதுகில் ஏறி நான் வெளியே வரமாட்டேன் என்று சொல்லி, அதையும் எழுதச் செய்து, ரேகை வைத்தேன்.

முத்துப்பேச்சி, இடது கைப் பெருவிரல் ரேகை