ஹைம்டால் ஊதிய சங்கு

— நேர வீட்டுக்கு வராதையும் பாலேஸ். கீழ லொபியில நில்லும், நான் வந்து கூட்டிக்கொண்டு போறன்.

— என்ர வீட்டுக்கு நான் வர என்னத்துக்கு உங்கட துணை? வேலை முடிஞ்சு இப்பதான் லொக்கரில இருந்து போனை எடுத்தன், கணக்கில்லாத மிஸ்ட் கோல். பஸ்ஸுக்க நிக்கிறன். என்ன நடந்தது?

— பயப்பிட ஒண்டும் இல்லை. எங்கட வீட்டில செத்தவீடு.

— ஆற்ற செத்தவீடு?

— உம்மடதான்.

— இஞ்சேருங்கோ, காலையில இருந்து நிண்ட கால் எனக்கு. விசர்க்கதை கதையாதேங்கோ.

— உண்மையாச் சொல்லுறன். நாளைக்கு நாடகமெல்லே…

— என்ர தங்கச்சியை நாடகத்துக்குக் கூப்பிடப்போறன் எண்டு சொல்லத்தான் எடுத்தனீங்கள் எண்டால், வையுங்கோ போனை. யோகமலர் வந்தால் நான் வரமாட்டன்.

— மூண்டு வருஷம் கதையாமல் இருந்தது காணும் பாலேஸ்.

— காணாது. தன்ர மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கு எனக்கு வட்சப்பில அழைப்புக் காட் அனுப்பினவள். கூடப்பிறந்த எனக்கு. உந்தா கிடக்கிற மிசிசாகாவில இருந்து நேரில வந்து சொல்ல ஏலாதோ?

— சரி, அதை விடும். நாளைக்கு எனக்கு என்ன வேஷம்?

— உந்த வெள்ளைக்காரற்ற காவல்தெய்வம். ஹைம்டாலோ என்னவோ. எங்கட வைரவர் மாதிரி எண்டு சொன்னீங்கள்.

— அவரேதான். நோர்வேக்காரர் முந்திக் கும்பிட்டவர்.

— நோர்வேயில இருக்கிற எங்கட சித்தப்பாவுக்கே உவரைத் தெரியாது.

— கேளுமப்பா. வானவில் பாலத்தில நித்திரை கொள்ளாமல் காவல் நிப்பார். புல்லு முளைக்கிற சத்தமும் கேக்குமாம் அவருக்கு. உலகம் அழியப்போகேக்க கொம்பெடுத்து ஊதுவார், எல்லா உலகத்துக்கும் கேக்கும். ஊத வராட்டி வேஷம் வேற ஆளுக்கு எண்டு நாடகம் பழக்கிற பிள்ளை சொல்லிப்போட்டுது. கொம்பு நாளைக்குத்தான் வருகுது. அதுதான், சாமித்தட்டில இருந்த சங்கை எடுத்து…

— அப்பார்ட்மெண்டுக்கையோ ஊதினீங்கள்?

— முதல் வெறுங் காத்துத்தான் வந்தது. பிறகு வந்துது பாரும் ஒரு சத்தம், மாடியே அதிர்ந்தது. சோக்கான சத்தம். சந்தோசத்தில எனக்குக் கண்ணெல்லாம் தண்ணி. அந்த நேரம் கதவில தட்டுற சத்தம். பக்கத்து வீட்டு மங்கையற்கரசி அன்ரி.

— என்ர முருகா. ஊரில செத்தவீட்டுக்கெல்லே உப்பிடிச் சங்கூதிறது. அவ என்னெண்டு நினைப்பா?

— நான் வேஷத்தோட நிண்டன். ஹைம்டால் வெள்ளைத் தெய்வமெல்லே. வெள்ளை வேட்டி, வெறும் மேல்.

— அழுத கண்ணும்.

— ஓம். “பாலேஸ் எங்க, அருள்நாயகம்?” எண்டு கேட்டா. “போயிட்டா அன்ரி” எண்டன்.

— வேலைக்குப் போயிட்டா எண்டு சொல்ல வாய் வரேல்லையோ?

— ஊதின களைப்பில மூச்சு வரேல்லை. “எப்ப?” எண்டா. “விடிய” எண்டன்.

— நல்லது. விடியவே என்னை முடிச்சிட்டீங்கள். பிறகு?

— அன்ரி ஐயோவெண்டு கத்தினா. தெரிஞ்ச ஆக்களுக்கெல்லாம் போன் அடிச்சிட்டா. உமக்கும் அடிச்சுப் பாத்தவை, நீர் எடுக்கேல்லை. இப்ப டோர்செட் பார்க்கில இருக்கிற எங்கட தமிழ்ச்சனம் முழுக்க வீட்டு ஹோலுக்க. அவ உயிரோட இருக்கிறா எண்டு நான் சொல்லச் சொல்ல, பாவம் மனுசன் கலங்கிப்போனார் எண்டு தேத்தண்ணி பருக்கினம்.

— எனக்குச் சிரிப்பு வருகுது. பஸ்ஸில ஆக்கள் என்னைப் பாக்கினம். எல்லாரையும் இருக்கச் சொல்லுங்கோ, நானே வந்து பால் தேத்தண்ணி போட்டுக் குடுக்கிறன்.

— பாலேஸ், அன்ரி மிசிசாகாவுக்கும் அடிச்சிட்டா.

— மிசிசாகாவில ஆருக்கு?

— வீட்டுச் செருப்போடயே காரை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறா. உம்மட சீலையைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு கட்டிலடியில இருக்கிறா. என்னவும் சொல்லிப் பாத்திட்டன், நம்பிறா இல்லை. பொறும், போனை அவவின்ர காதில வைக்கிறன்.

— வேண்டாம், நான் என்னத்தை…

— அக்கா?

— ஓமடி. வந்துகொண்டிருக்கிறன்.