மாற்று நோயாளி

– தண்ணி கேட்டா தண்ணி குடுக்கணும், கிங்கா டாக்டரம்மா. ஜெயில்லகூடக் குடுப்பாங்க. ராத்திரி பத்து மணியிலேர்ந்து தொண்டை காஞ்சு கெடக்கேன்.

– முடியாது யாத்விகாம்மா. வயித்துல ஒண்ணும் இருக்கக் கூடாது. பஞ்சை நனைச்சு உதட்டுல வைக்கிறேன். சப்பிரக் கூடாது.

– நேத்தும் இதே பஞ்சுதான். நேத்தும் ஆபரேஷன்னு உருட்டிட்டுப் போனீங்க. மேசையில கெடத்தி, லைட்டை இப்படித் திருப்பு அப்படித் திருப்புன்னு ஒரு மணி நேரம். அப்புறம் மறுபடி இங்கயே உருட்டிட்டு வந்துட்டீங்க. அது என்னான்னு இப்பவாவது சொல்லு.

– அது ஒத்திகை. கேமரா சரி பாக்கிறதுக்கு.

– ஒத்திகையா! நாப்பது வருஷம் நாடகக் கொட்டகை வாசல்ல சனங்க கழட்டுற குளிர்க்கோட்டு வாங்கி மாட்டினவ நான். ஒத்திகைக்கு நடிகையைப் பட்டினி போட்டு நான் பாத்ததில்ல. சரி போகட்டும். முடி எப்படி இருக்கு? மருமக வந்து சுருட்டி விட்டா. எழுநூறு டாக்டருங்க பாக்கப் போறாங்கல்ல?

– முடி தெரியாது. பிரான்சுல லியோன்லேர்ந்து வந்திருக்கிற டாக்டர் தொடையில ஓட்டை போட்டு, ரத்தக்குழாய் வழியா வால்வை இதயத்துக்கு ஏத்துவார். மாநாட்டுத் திரையில தொடையும் எக்ஸ்ரே படமும்தான் தெரியும்.

– அடிப்பாவி, முன்னாலயே சொல்லிருந்தா தொடைக்கு எதையாவது பூசிட்டு வந்திருப்பேனே.

– சிரிக்க வைக்காதீங்க. நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லக் கூடாதுன்னு உத்தரவு.

– அதுக்கு முன்னால மணியைச் சொல்லு.

– பத்தாகப் போகுது.

– ஒம்பதுக்கு என்னைக் கூட்டிட்டுப் போறதாத்தானே பேச்சு?

– உங்களைக் கூட்டிட்டுப் போக மாட்டாங்க. வேற ஒருத்தரை உள்ள கொண்டு போய் ஒரு மணி நேரமாச்சு. நீங்க மாற்று ஆளு.

– என்ன ஆளு?

– நேரலையில ஆபரேஷன் காட்டும்போது ரெண்டு பேரைத் தயார் பண்ணி வைப்பாங்க. ஒருத்தர் உள்ள போவார். அவருக்குத் திடீர்னு காய்ச்சல் வந்துட்டா, பயந்து மாட்டேன்னுட்டா, அத்தனை பேரும் வெறும் திரையைப் பாத்துட்டு உக்காந்திருக்கக் கூடாதுல்ல? அதுக்காக ரெண்டாவது கட்டில்ல ஒரு ஆளு. முதல் ஆளு நல்லபடியா முடிஞ்சா, ரெண்டாவது ஆளுக்கு ஒரு டீயைக் குடுத்து வீட்டுக்கு அனுப்பிருவாங்க.

– நேத்து படுக்க வச்சது?

– உள்ள போறவரைக் களைப்பாக்க வேணாம்னு, உங்களைப் படுக்க வச்சுப் பாத்துக்கிட்டாங்க.

– சரி. அப்ப எனக்கு எப்ப?

– பிப்ரவரியில.

– இது அக்டோபர், கண்ணு.

– தெரியும்.

– என் வீடு நோவா ஹூத்தாவுல நாலாவது மாடி. லிஃப்ட் கெடையாது. ரெண்டு தடவை படியிலயே மயங்கி விழுந்துட்டேன். மூணாவது தடவை விழுந்தா?

– எந்திரிக்க மாட்டீங்க.

– ஒரு பேச்சுக்காவது வேற மாதிரி சொல்ல மாட்டியா நீ?

– எங்கம்மா பள்ளிக்கூடச் சமையக்கட்டுல உருளைக்கிழங்கு உரிச்சவ. எங்க குடும்பத்துல மொத மொதல்ல காலேஜ் வாசலை மிதிச்சது நான். தலையைத் தடவிக்கிட்டே கழுத்தறுக்கிற வித்தையை எங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல.

– திங்கக்கிழமை நர்ஸ் வந்து, நீங்கதான் முதல்ல போறீங்கன்னு சொன்னா. பட்டியலைக்கூடக் காட்டினா. என் பேருதான் மேல இருந்துச்சு.

– இருந்துச்சு.

– யாரு மாத்தினது?

– மாத்தினாங்க.

– யாருன்னு கேக்கேன். எங்க கொட்டகையில மந்திரியே வந்து நின்னாலும் டோக்கன் வரிசைப்படிதான் குளிர்க்கோட்டு எடுத்துக் குடுப்பேன். உள்ள போனவன் யாரு? வக்கீலா? புரொபசரோட மச்சானா?

– பெரிய ஆளெல்லாம் இல்ல. உங்களை மாதிரிதான்.

– என்னை மாதிரின்னா என் இடத்துல எப்படிப் போய்ப் படுத்தான்?

– அவரும் பதினோரு மாசமா காத்துக்கிட்டு இருந்தவர்தான். படுன்னாங்க, படுத்தார். யாரு இடம்னு அவருக்குத் தெரியாது.

– தெரியாமப் படுத்தாலும் படுத்ததுதான். அந்த மேசையிலயே போய்ச் சேரட்டும்.

– அப்படிச் சொல்லாதீங்க.

– சொல்லுவேன். உனக்கென்ன வந்துச்சு? பிப்ரவரி வரைக்கும் படியேறப் போறவ நீயா?

– என்ன இங்க சத்தம்? டாக்டர் கிங்கா, தாழ்வாரம் வரைக்கும் கேக்குது.

– வாங்க புரொபசர். இவங்க மாற்று ஆளுன்னு இவங்ககிட்ட சொல்லிட்டேன்.

– அருமை. இதுக்குத்தான் உன்னை இங்க காவலுக்கு வச்சேனா? அம்மா, நீங்க மனசுல எதையும் வச்சுக்காதீங்க. மருத்துவத்துக்கே பெரிய உதவி பண்ணிருக்கீங்க. மாநாட்டுப் பை ஒண்ணு உங்களுக்குக் குடுக்கச் சொல்றேன். உள்ள குடை இருக்கு. கோட்டைப் படம் போட்டது.

– குடையா?

– நல்ல குடை. காத்துக்கு மடங்காது.

– புரொபசர், முதல் ஆபரேஷன் முடிஞ்சதும் இவங்களையும் ஏத்துங்க. ரெண்டாவது அறை திறந்து கெடக்கு, வால்வு இருக்கு, நாலு பேரு கையைக் கழுவிட்டுச் சும்மா நிக்கிறாங்க.

– நிக்கிறவங்க பதினொன்றரைக்கு விருந்தாளிங்களோட கோட்டைக்குப் போகணும். சாயங்காலம் உப்புச் சுரங்கத்துல விருந்து. இந்த மாநாட்டைக் கிராக்கோவுக்குக் கொண்டு வர ஆறு வருஷம் ஊர் ஊராப் போய்ப் பல்லைக் காட்டிருக்கேன். வால்வு, கம்பெனிக்காரன் காட்டுறதுக்காகக் குடுத்தது. திரையில வராத ஆளுக்கு அதைப் போட்டா அவன் என்னைச் சும்மா விடுவானா?

– திரையில வந்தாத்தான் அது இதயமா?

– பிரமாதம். இதை மேடையில சொல்லு, கைதட்டுவாங்க.

– சொல்லத்தான் போறேன். நாலு மணிக்கு எனக்குப் பத்து நிமிஷம் குடுத்திருக்கீங்க. அவங்களுக்கு வால்வைப் பத்தி என்ன சொல்லப் போறேன்? நேத்து விளக்கைச் சரிபாக்க ஒரு பொம்பளையை மரக்கட்டை மாதிரிப் படுக்க வச்சதைச் சொல்றேன்.

– சொல்லு. நான் உனக்குச் செஞ்ச உதவியையும் சேத்துச் சொல்லு.

– அது வேற.

– எப்படி வேற? செவ்வாய்க்கிழமை என் ரூம்ல மண்டி போடாத குறையா நின்னியே, அப்ப இந்த நியாயமெல்லாம் எங்க போச்சு? உருளைக்கிழங்கு உரிக்கிற வீட்டுல பொறந்தாலும் காரியம் சாதிக்கிறதுல நீ எங்களுக்கு ஒண்ணும் சளைச்சவ இல்ல.

– இங்க வேணாம், புரொபசர்.

– நானா ஆரம்பிச்சேன்?

– இங்க வேணாம்னு சொல்றேன்ல!

– என்னம்மா அது? உனக்கு என்ன செஞ்சாரு இந்த ஆளு?

– ஒண்ணுமில்ல, யாத்விகாம்மா.

– வேலை போட்டுக் குடுத்தாரா?

– இருங்க, எனக்குப் போன் வருது. ம், புரொபசர்தான், சொல்லு. எப்ப? எவ்வளவு ரத்தம்? லியோன்காரர் என்ன சொல்றார்? நெஞ்சைத் திறந்துமா? சரி. சரிங்கிறேன்ல. இப்ப திரையில என்ன ஓடுது? அதை முதல்ல நிறுத்து! கோட்டையைப் போடு, ஆத்தங்கரையைப் போடு, அன்னம் நீந்துறதைப் போடு, எதையாவது போடு. தொழில்நுட்பக் கோளாறுன்னு சொல்லிக் காபியை முன்னால குடுத்துரு. இருபது நிமிஷம் போதும். ஆமா, இருக்காங்க. தயாராத்தான் இருக்காங்க.

– என்ன ஆச்சு?

– இவங்களை ரெண்டாவது அறைக்குக் கொண்டு போகணும்.

– என்ன ஆச்சுன்னு கேக்கேன்.

– ரத்தக்குழாய் கிழிஞ்சிருச்சு.

– உசிரு?

– இல்ல, கிங்கா. நீ உக்காரு. கட்டிலைத் தள்ள வேற ஆளை அனுப்புறேன்.

– நான் தள்ளுறேன்.

– பிடிவாதம் பிடிக்காத.

– நான் தள்ளுறேன்னா தள்ளுறேன். நீங்க போங்க. போய் அன்னத்தைக் காட்டுங்க.

– பத்து நிமிஷத்துல கையெழுத்து வாங்கிக் கொண்டு வா. அழுவுறதை மத்தியானத்துக்கு மேல வச்சுக்க. நான் அவையில மூஞ்சியைக் காட்டணும்.

– போயிட்டாரா? ஏ கண்ணு, நான் கேட்டது நெசந்தானா? என் முறை வந்துருச்சா?

– வந்துருச்சு.

– ஏசுவே! பிப்ரவரி போச்சு! பாத்தியா, எனக்குன்னு எழுதினது எனக்குத்தான். செத்தவனுக்குக் கோயில்ல ஒரு மெழுகுவத்தி ஏத்திருவேன், வஞ்சனை இல்லாம பெருசாவே ஏத்துறேன். ஆனா அடுத்தவ இடத்தைப் புடுங்கினா இப்படித்தான். எங்க கையெழுத்துப் போடணும்? கண்ணாடியைக் குடு.

– படிச்சுட்டுப் போடுங்க.

– படிச்சு என்னத்தைக் கிழிக்கப் போறேன். வெட்டப் போறது யாரு, அதே லியோன்காரனா?

– அதே ஆளு. அதே கை. வேணாம்னு சொல்றதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு.

– வேணாம்னா மறுபடி பிப்ரவரியா?

– ஆமா.

– அப்ப பேனாவைக் குடு. அட, மூடியைத் தொறந்து குடேன். மூஞ்சி வேற சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போச்சு. எவனோ ஒருத்தன் செத்ததுக்கு டாக்டரு அழுவலாமா? தெனம் பாக்கிறதுதானே?

– முதல்ல நான் சொல்றதைக் கேட்டுட்டு அப்புறம் போடுங்க. செவ்வாய்க்கிழமை பட்டியல்ல உங்க பேரை அடிச்சது நான்தான். அதுக்கு மேல எழுதினது எங்கப்பா பேரை.