மணல்திட்டில் இறக்கிவிட்டது பற்றி

சாயங்காலம் அணையில் தண்ணீர் திறப்பார்கள் என்பது அந்த நேரத்தில் என் நினைவில் இருந்ததா என்று உதவி ஆய்வாளர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இருந்தது என்றும் இல்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

என் பெயரும் முகவரியும் மேலே எழுதப்பட்டுள்ளன. வயது நாற்பத்தெட்டு. கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கிறேன். மணமாகவில்லை. என் தங்கையும் அவளுடைய ஆறு வயது மகளும் என்னோடு வசிக்கிறார்கள். தங்கை தொடக்கப்பள்ளி ஆசிரியை. அவள் புத்தி சுவாதீனமில்லாதவள் என்று அவளுடைய கணவர் பள்ளிக்குத் தொலைபேசியில் சொன்னதால் அவளை வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். அதே காரணத்தைச் சொல்லிக் குழந்தையைத் தன்னிடம் தரும்படி அவர் வழக்கும் போட்டிருக்கிறார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, வெயில் தாழ ஆற்றில் படகில் போய் நிதானமாகப் பேசலாம் என்று அவர் என்னை அழைத்தார். சமாதானம் பேசத்தான் என்று நினைத்துப் போனேன். கயாக் என்னும் இருவர் துடுப்புப் படகை வாடகைக்கு எடுத்தோம். படகுக்காரர், அணையில் தண்ணீர் விடுவதற்குள் கரைக்கு வந்துவிடச் சொல்லி, "பின்னாடி உக்கார்றவங்கதான் படகைத் திருப்பணும் சார், யாரு பின்னாடி?" என்று கேட்டார்.

"நான் முன்னாடி. அக்கா சும்மா உக்காரட்டும், நானே இழுத்துட்டுப் போயிடுவேன்."

"அப்போ அவங்க விட்ட இடத்துலதான் சார் நீங்க இறங்கணும்," என்று படகுக்காரர் சிரித்தார்.

அதன்பின் புறப்பட்டோம். நீரோட்டம் குறைவாக இருந்தது. அவர் முதுகைக் காட்டியபடியே பேசிக்கொண்டு வந்தார். தங்கை தூங்குவதில்லை, தனியாகப் பேசுகிறாள், கூடப்பிறந்தவளான நானே அதைக் கோர்ட்டில் சொன்னால் எடுபடும் என்றார். சமாதானம் என்பது இதுதான் என்று அப்போது புரிந்தது. நான் துடுப்புப் போடுவதை நிறுத்திவிட்டேன். அவருக்கு அது தெரியவில்லை.

அதன்பின் நடு ஆற்று மணல்திட்டில் இறங்கிப் படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டார். படத்துக்கு அசிங்கமாக இருக்கும் என்று மிதவை அங்கியைக் கழற்றி முன் இருக்கையில் போட்டார். தன் செல்போனை என்னிடம் கொடுத்தார். இரண்டு படம் எடுத்தேன், நன்றாகவே வந்திருக்கின்றன. அதன்பின், படகில் இருந்தபடியே, "மாப்பிள்ளை, அவளுக்கு நிஜமாவே ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன்.

"அவளுக்கு ஒண்ணும் இல்லைன்னு எனக்குத் தெரியாதாக்கா? ஸ்கூல்ல ஏதோ கடுப்புல சொன்னேன். இப்போ மாத்திச் சொன்னா கேஸ் போயிடும்ல."

"இதை ஜட்ஜ்கிட்ட சொல்வீங்களா?"

"உங்களுக்கும் முத்திப்போச்சா?" என்று சிரித்தார்.

நான் துடுப்பை மணலில் ஊன்றிப் படகைத் தள்ளினேன். விளையாட்டு என்று நினைத்து அவர் கையைத் தட்டினார். படகு திரும்பிய பிறகுதான் கத்தினார். அவருக்கு நீச்சல் தெரியாது என்பது எனக்குத் தெரியும். மிதவை அங்கி என் கண்ணெதிரே கிடந்தது. எடுத்து வீசவில்லை.

கரையில் செல்போனைப் படகுக்காரரின் மேசையில் வைத்தேன். அவர் கேட்காததால் நானாக ஒன்றும் சொல்லவில்லை. தேநீர் வாங்கிக் குடித்து முடிப்பதற்குள் தண்ணீர் ஏறியது. திட்டிலிருந்து கத்தும் சத்தம் கேட்டுப் படகுக்காரர் மோட்டார் படகில் போனார். திட்டு மூழ்கிவிட்டது. இடுப்பளவு நீரில் ஒரு புதரைப் பிடித்துக்கொண்டு நின்றவரைத் தூக்கி வந்தார். அவருக்குக் காயம் எதுவும் இல்லை.

மறுநாள், அதாவது இன்று காலை, அவர் இந்த நிலையத்துக்கு வந்து, அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே வியாதி, பாவம், தனக்குப் புகார் எதுவும் இல்லை, வைத்தியம் பார்த்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனதாக அறிகிறேன். வியாதி என்று ஒப்புக்கொண்டால் வழக்கே வராது, பேசாமல் வீட்டில் இருங்கள் என்று எங்கள் வக்கீல் சொன்னார். நான் யாரும் அழைக்காமல் இங்கு வந்தேன். எனக்கு எந்த வியாதியும் இல்லை, மருந்து எதுவும் சாப்பிடுவதில்லை. தெரிந்தேதான் அவரை விட்டுவிட்டு வந்தேன். என்மேல் வழக்குப் பதிவானால் அவர்தான் முதல் சாட்சி. மணல்திட்டில் என்னிடம் என்ன சொன்னார் என்று கூண்டில் வைத்து அவரைக் கேட்பார்கள். கேட்க வேண்டும்.

"யோசிச்சு சொல்லுங்க மேடம், உள்ள போக வேண்டியிருக்கும்," என்று உதவி ஆய்வாளர் இருமுறை சொன்னார். எழுதிக்கொள்ளச் சொன்னேன். எழுதியதை வாங்கி நானே படித்துப் பார்த்தேன். ஆத்திரத்தில் விட்டுவிட்டு வந்ததாக ஓரிடத்தில் இருந்தது. அந்தச் சொல்லை அடிக்கச் சொன்னேன். மற்றபடி நான் சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)