ஸ்டெப்னி எந்தப் பக்கம்

— அந்த லைட்டைக் கொஞ்சம் கீழ இறக்கு.

— இறக்கிட்டேன்ப்பா.

— இன்னும். கடைவாய்ப் பல் பார்க்கற மாதிரி.

— இந்தக் குட்டி மாடல் லாரிக்கு ஏதுப்பா கடைவாய்?

— இதுக்கு இல்ல. இதைச் செஞ்சவனுக்கு இருக்கும்ல. இன்னும் வெளியிலதான் உட்கார்ந்திருக்கானா அந்த எலும்பு?

— எலும்புன்னு சொல்லாதீங்க. நம்ம பல் கிளினிக்ல இருந்து போற தாடைப் படம் பூரா அவர்தான் எடுக்கறார். எக்ஸ்ரே எடுக்கறதும் ஒரு வேலைதானே.

— வேலையை யார் சொன்னா? ஆளைச் சொன்னேன். ஃபேனைக் கூட்டி வச்சா பெஞ்சுல இருந்து பறந்துடுவான்.

— தாடை வீங்கின அம்மாவுக்கு இடம் விட்டு ஓரமா உட்கார்ந்திருக்கார். அந்த அம்மாவுக்கு மரத்துப் போக ஊசி போட்டு வச்சிருக்கீங்க, ஞாபகம் இருக்கா? அது மரத்துப் போறதுக்குள்ள ஒரு பதில் சொல்லிடுங்கப்பா.

— கல்யாணப் பேச்சுக்கா?

— நீங்கதானே ஆரம்பிச்சீங்க? 'உன்னைக் கட்டிக்கணும்னா, என் ஷோகேஸ்ல இருக்கற அதே போர்க்கால லாரியைச் செஞ்சு கொண்டு வரட்டும், கையைப் பார்த்துட்டு சொல்றேன்'னு. எந்த வீட்டுலயாவது இப்படி நடக்குமா?

— மத்த வீட்டுல சம்பளத்தைக் கேட்பாங்க. சம்பளம் ஏறும், இறங்கும். கை அப்படியேதான் இருக்கும்.

— சரி... கை எப்படி இருக்கு?

— பல்லைக் குத்திப் பார்க்கற புரோபை எடு. கூர்மையானது. ம்... இது என்ன?

— தார்பாய்.

— தார்பாயா? நான் ஏதோ இஸ்திரி போட்ட போர்வைன்னு நினைச்சேன். மழையில நனைஞ்சு, வெயில்ல காஞ்சு, மாசக்கணக்கா ஓடின லாரி. தார்பாய்ல ஒரு தொய்வு வேண்டாமா? புதுப் பொண்ணு மாதிரி விறைச்சுக்கிட்டு நிக்குது.

— டிஷ்யூ பேப்பரைப் பசைத் தண்ணில நனைச்சுப் போர்த்தியிருக்கார். எத்தனை ராத்திரி...

— ராத்திரிக் கணக்கெல்லாம் எனக்கு எதுக்கு? முன் கண்ணாடியைப் பாரு. பசையோட ஆவி பட்டு வெள்ளை பூத்துக் கிடக்கு. டிரைவருக்குக் கண்ல புரை வந்த மாதிரி. இவன் எந்தச் சண்டைக்குச் சாமான் கொண்டு போறான்? எதிரி வீட்டுக்கே போய் இறக்கிட்டு வருவான்.

— சிரிப்பு வரலைப்பா.

— நான் சிரிக்கவா சொன்னேன்? டயரைப் பாரு. மேல அத்தனை பெட்டி, பீப்பாய். கீழ டயர் பலூன் மாதிரி உருண்டையா நிக்குது. பாரம் ஏத்தின டயர் தரையில கொஞ்சம் பிதுங்கணும்டீ. ஸ்பிரிங் பட்டை தாழணும். இதுல பெட்டிக்குள்ள பஞ்சுதான் இருக்கு.

— பிளாஸ்டிக் பெட்டிப்பா அது.

— அப்ப பிளாஸ்டிக் லாரின்னு எழுதி ஒட்டச் சொல்லு. மாடல் வண்டி செய்யறவங்க சங்கம், நம்ம சங்கத்துல இதைக் கொண்டு போய் வச்சா, பக்கத்துல இருக்கறவன் தன் வண்டியைத் தூக்கிக்கிட்டு ஓடுவான், ஒட்டிக்கும்னு.

— சங்கத்துல உங்களைத் தவிர எல்லாரும் மனுஷங்க. ஒருத்தராவது 'நல்லா இருக்கு தம்பி'ன்னு சொல்லியிருப்பாங்க.

— அதான் அவனுங்க இன்னும் ஆறுதல் பரிசு வாங்கறானுங்க.

— ஒண்ணே ஒண்ணு, நல்லதா ஒண்ணு சொல்லுங்கப்பா. அம்மா ரெண்டு தடவை ஃபோன் பண்ணிட்டாங்க, என்ன ஆச்சுன்னு.

— உங்க அம்மாவுக்கு எல்லாம் நல்லதுதான். என்னையே நல்லவன்னு சொல்லிக் கட்டிக்கிட்டவ.

— அப்பா... இது எனக்கு விளையாட்டு இல்ல. நீங்க வேண்டாம்னா நான் அழுதுட்டு அவரோட போயிடுவேன்னு நினைக்காதீங்க. அவர் கூட்டிட்டுப் போக மாட்டார். 'உங்க அப்பா சரின்னு சொல்லாம முடியாது'ன்னு தெளிவா சொல்லிட்டார். அப்படி ஒரு ஆள். நீங்க வேண்டாம்னா... அவ்வளவுதான்.

— அழாத. டிரேல தண்ணி விழும். வாய்க் கண்ணாடியைக் கொடு, அடியில பார்க்கணும்.

— இந்தாங்க.

— ஹ்ம்... ஹ்ம்... ஹா! ஹாஹா!

— என்ன?

— வா இங்க. பாரு. கண்ணைத் துடைச்சுட்டுப் பாரு. ஸ்டெப்னி எங்க இருக்கு?

— டிரைவர் கேபினுக்குப் பின்னாடி.

— எந்தப் பக்கம்?

— ...இடப்பக்கம்.

— இடப்பக்கம்! வெளியில ஷோகேஸ்ல என் வண்டி நிக்குது. முதல் பரிசு வாங்கின வண்டி. அதுல எந்தப் பக்கம்?

— வலப்பக்கம்.

— பார்த்து எழுதற பரிட்சையிலயே பெயிலாகற ஆளை இப்பதான் பார்க்கறேன். அதே பெஞ்சுல உட்கார்ந்து, அதே ஷோகேஸைப் பார்த்து, மாத்தி ஒட்டிக் கொண்டு வந்திருக்கான். இவன் நாளைக்கு வலது கால் உடைஞ்சவனுக்கு இடது காலைப் படம் பிடிப்பான்!

— லாரி பாகமெல்லாம் வாங்கின பெட்டியில வந்த வரைபடத்துல இடப்பக்கம்தான் போட்டிருக்கு.

— பெட்டிக்காரன் தப்பு! அதைக் கண்டுபிடிச்சதே நான்தான்டீ. ஷோகேஸுக்கு மேல மாட்டியிருக்கேனே, அந்தப் போர்க்காலப் படம், அதைப் பார்த்துக் கண்டுபிடிச்சேன். சங்கத்துல எழுந்து நின்னு சொன்னேன். அத்தனை பேரும் வீட்டுக்குப் போய் ஸ்டெப்னியைக் கழட்டி வலப்பக்கம் ஒட்டினானுங்க. இவன் வந்துட்டான்...

— அப்பா, அந்தப் படம்...

— படத்துக்கு என்ன?

— ஒண்ணுமில்ல.

— ஆரம்பிச்சுட்டு முழுங்காத. பல் டாக்டர் பொண்ணு நீ, வாயைத் திற.

— அந்தப் படம் திருப்பி அச்சடிச்சது.

— என்ன?

— வலது இடமா, இடது வலமா. நெகடிவை மாத்திப் போட்டு அச்சடிச்சிருக்காங்க. அவர் முதல் நாளே பார்த்துட்டார். எந்தப் படத்தைக் கையில எடுத்தாலும் இது எந்தப் பக்கம்னுதான் அவர் கண்ணு முதல்ல போகும். தொழில் அப்படி.

— ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். ஒட்டத் தெரியாதவனுக்குப் படம் கோணலா?

— நம்ம பல் படத்துல மூலைல ஒரு சின்னப் புடைப்பு இருக்குமே, எதுக்கு?

— எந்தப் பக்கம்னு தெரியறதுக்கு. அதைத் திருப்பி மாட்டினேன்னு உன்னை எத்தனை தடவை திட்டியிருக்கேன்.

— லாரி படத்துல அந்தப் புடைப்பு இல்லப்பா. அதான் உங்களை யாரும் திட்டலை.

— லாரி மேல எழுத்து இருந்திருந்தா இடவலம் மாறித் தெரிஞ்சிருக்கும்ல?

— நம்பரையெல்லாம் ராணுவத்துக்காரங்க சுரண்டி எடுத்துட்டுத்தான் படத்தை வெளியில விட்டிருக்காங்க. நீங்களே வர்றவங்க கிட்டல்லாம் பெருமையா காட்டுவீங்களே. ஸ்டியரிங்கும் தெரியாது, பின்னாடி நின்னு எடுத்த படம். ஆனா பக்கத்துல ஒரு சிப்பாய் நிக்கறான் பாருங்க... வாட்ச் வலது கையில கட்டியிருக்கான்.

— இடதுகைக்காரனா இருப்பான்.

— சட்டைப் பட்டனும் மறுபக்கம் இருக்கு. பட்டனுமா இடதுகை?

— அவசரத்துல பொண்டாட்டி சட்டையை மாட்டிட்டு வந்திருப்பான். சண்டை நேரம். கிடைச்சதைப் போட்டுக்கிட்டு ஓடியிருப்பான்.

— அப்பா!

— என்ன அப்பா? அவன் சட்டையை நீ பார்த்தியா?

— பார்த்தேன். பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தேன். பாவம், எந்த ஊர்க்காரனோ. வீட்டுக்குத் திரும்பிப் போனானான்னுகூடத் தெரியாது. இங்க நாம அவன் பட்டனை வச்சு சண்டை போட்டுக்கிட்டிருக்கோம்.

— போயிருப்பான். போய் பொண்டாட்டி சட்டையைத் திருப்பிக் கொடுத்திருப்பான்.

— விளையாடாதீங்க. நீங்க பாதி வேலையை இந்த வாய்க் கண்ணாடியில பார்த்துத்தான் செய்யறீங்க. மாறித் தெரியறது உங்களுக்குப் பழகிப் போச்சு. அதான் படத்தைச் சந்தேகப்படத் தோணலை. அவ்வளவுதான்ப்பா. யாருக்கும் வரக்கூடியது.

— அப்ப நான் ஏமாந்தவன். சங்கம் மொத்தமும் என்னால ஏமாந்தது. அதை இந்த எலும்பு கண்டுபிடிச்சு, லாரி செஞ்சு, டிரேல வச்சு, என் மூக்குக்கு நேரா நீட்டறான்.

— நீட்டலைப்பா. சரியா செஞ்சிருக்கார். சரியா செய்யணும்னு நீங்கதானே சொல்வீங்க? பயப்படாம செஞ்சிருக்கார். அதுக்கு ஒரு மார்க் கொடுங்களேன்.

— பயப்படாமயா?

— ஆமா.

— யாருக்கும் பயப்படாம, இடப்பக்கம் ஒட்டினான்?

— ஆ... ஆமா.

— லைட்டை இப்படித் திருப்பு. வலப்பக்கம் இங்க ஒரு வடு இருக்கே?

— எங்க?

— புரோபை வச்சிருக்கேன் பாரு, அங்க. எதையோ ஒட்டிப் பிடுங்கியிருக்காங்க. மேல பூசின பச்சைப் பெயிண்ட் இன்னும் பிசுக்குன்னு ஒட்டுது.

— யோசிச்சு... யோசிச்சுட்டு மாத்தி ஒட்டியிருப்பார்.

— ஓஹோ. வீரன் யோசிச்சானாக்கும்.

— மனுஷன்னா யோசிக்க மாட்டானா?

— யோசிக்கட்டும். எனக்கு வேண்டாம்.

— எது வேண்டாம்?

— இவன்தான். வீட்டுக்குள்ள கால் வைக்கறதுக்கு முன்னாடியே மாமனாரைத் திருத்தறவன், வச்சதுக்கப்புறம் என்னை உட்கார வச்சுப் பாடம் எடுப்பான். லாரியை எடுத்துக் கொடுத்து அனுப்பு. நல்லாப் பொதிஞ்சு கொடு, உடைஞ்சா அதுக்கும் என்னைச் சொல்லுவான்.

— அப்பா, அப்படிச் சொல்லாதீங்க.

— சொல்லிட்டேன். அந்த அம்மாவை உள்ள வரச் சொல்லு.

— ஒரு நிமிஷம். ஒரு நிமிஷம்ப்பா...

— கதவைத் திற.

— அவர் ஒட்டலை!

— எதை?

— ஸ்டெப்னியை. அவர் இடப்பக்கம் ஒட்டலை. உங்க பக்கம்தான், வலப்பக்கம்தான் ஒட்டியிருந்தார். படம் தப்புன்னு தெரிஞ்சே ஒட்டியிருந்தார். 'பெரியவர், இத்தனை வருஷமா அதை நம்பிட்டிருக்கார், எதுக்கு மனசைக் கஷ்டப்படுத்தணும், ஒரு சக்கரம்தானே'ன்னார். நேத்து என் கையில கொடுத்துட்டுப் போனதும் நான்தான் பிடுங்கினேன். உங்க பசையை எடுத்து, உங்க இடுக்கியை எடுத்து, நான்தான் இடப்பக்கம் ஒட்டினேன். போதுமா?

— நீ எதுக்குடீ ஒட்டின?

— உங்களுக்குப் பயந்து ஒட்டின சக்கரத்துல என் கல்யாணம் ஓட வேண்டாம்னு. அப்புறம்... அவர்தான் தைரியமா ஒட்டினார்னு நீங்க நினைக்கணும்னு ஆசை. அதான் பொய் சொன்னேன். திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க. அவருக்கு இதுல எதுவுமே தெரியாது.

— தெரியாதா? காலையில நீ கருவியெல்லாம் கழுவப் போனப்ப, டிரேல லாரியைப் பார்த்தான், மூஞ்சி செத்துப் போச்சு. நேரா என்கிட்ட வந்து, படம் தப்புன்னு சொன்னான், தெரிஞ்சும் எனக்காகத் தப்பா ஒட்டினதைச் சொன்னான், மாத்தினது நீயாத்தான் இருக்கும், உன்னைத் திட்டாதீங்கன்னான். அப்பவே சங்கத்துக்காரனுங்களுக்கு ஃபோன் பண்ணி, எல்லாரும் ஸ்டெப்னியைக் கழட்டுங்கடான்னு சொல்லிட்டேன். ஒரு மணி நேரமா காறித் துப்பறானுங்க. அவன் சொன்னது உன் வாயில இருந்தும் வருதான்னு பார்க்கத்தான் இந்தப் பாவப்பட்ட லாரியை இவ்வளவு நேரம் திட்டிக்கிட்டிருந்தேன். போ, ஷோகேஸைத் திறந்து என் வண்டியை எடு. என் ஸ்டெப்னியைக் கழட்ட எனக்கு மனசு வராது... மாப்பிள்ளையைக் கழட்டச் சொல்லு.