குளிர் அறைக்கு வெளியே அளந்தது

— கரைசல் எல்லாத்தோட பி.எச். அளவையும் கோல்ட் ரூமுக்குள்ளேயே வச்சு அளந்தோம்னு எழுதிடறேன். சரிதானே அண்ணே?

— அங்கதான் மேடம் கொஞ்சம் இடிக்குது.

— என்ன இடிக்குது? நாலு மணிக்குள்ள பதில் போகலைன்னா பத்திரிகைல கட்டுரையைத் திருப்பி அனுப்பிடுவாங்க.

— சொல்லப்போனா, நான் உள்ள வச்சு அளக்கல. வெளிய, சூடா ஆவி விடற ஆட்டோகிளேவ் பக்கத்துல வச்சுத்தான் அளந்தேன்.

— ஏன்?

— உள்ள நாலு டிகிரி. விரல் விறைச்சுப் போகுது, மூக்கு ஒழுகுது. மீட்டர்ல எண் நிக்கறதுக்குள்ள உசுரு போயிடுது. அதான் வெளிய வச்சு ஏழுக்குச் சரிபண்ணிட்டு, அப்புறம் உள்ள கொண்டுபோய் வைப்பேன்.

— எந்த பாட்டில்?

— சொல்லப்போனா, எல்லாமே. ஒன்பது மாசமா.

— ஒன்பது மாசம்.

— திட்டிடுங்க மேடம்.

— பத்திரிகைக்காக நம்ம கட்டுரையைப் படிச்சுப் பார்த்தவர் என்ன கேட்டிருக்கார்னு கேளுங்க. இந்த மாதிரி டி.என்.ஏ. இழை அமிலத்துலதான் நாலா மடிஞ்சு முடிச்சாகுமாம். அமிலம் இல்லைன்னா பிரிஞ்சு நீட்டிக்குமாம். நம்ம கரைசல் குளிர்ல ஏழுக்குக் கீழ இறங்கி அமிலமாகியிருக்கும், அதனாலதான் மடிஞ்சிருக்குங்கறார்.

— அப்போ என்னாலதான் மடிஞ்சுதா? உங்க மூணு வருஷ உழைப்பாச்சே. நான் வேணா அவருக்கு ஒரு கடுதாசி போடட்டுமா?

— என்னன்னு?

— எனக்குச் சளி பிடிக்கும்னு.

— போதும். குளிர்ல எண் நகரும்கறது நிஜம். எவ்வளவுன்னு அளக்காம எழுத மாட்டேன். கோட்டை மாட்டுங்க, மீட்டரை எடுங்க.

— மீட்டரைச் சரிபார்க்கற கரைசலும் குளிர்ல இருக்கணுமே?

— காலைலயே உள்ள வச்சுட்டேன்.

— காலைலயா? அப்போ உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?

— கோல்ட் ரூமுக்குன்னு வாங்கின உங்க கோட்டுல விலைச் சீட்டு இன்னும் தொங்குது அண்ணே. நீங்களா சொல்றீங்களான்னு பார்த்தேன்.

— சொல்லிட்டேனே.

— அதனாலதான் திட்டல. கதவைச் சாத்துங்க. இழையைக் கரைச்ச அதே பாட்டில்தான். என்ன காட்டுது?

— ஏறுது. ஏழு புள்ளி மூணு. நாலு.

— நிக்கட்டும்.

— அது நிக்கறதுக்குள்ள நான் விறைச்சிடுவேன்.

— மூக்கைத் துடைச்சுட்டுச் சொல்லுங்க.

— ஏழு புள்ளி ஆறு. நின்னுடுச்சு. ஏழு வரல மேடம், போச்சு.

— மத்த ரெண்டு பாட்டில்?

— அதுவும் ஏழு புள்ளி ஆறுதான். தப்பைக்கூட ஒரே மாதிரி செஞ்சிருக்கேன்.

— அந்த விஷயத்துல உங்களை அடிச்சுக்க ஆளில்ல. பேனாவைக் கொடுங்க.

— கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கறோம்னு எழுதப் போறீங்களா?

— இல்ல. எங்க அளவு தப்புதான், ஆனா நீங்க சொன்ன பக்கம் இல்ல. நாங்க நினைச்சதைவிட அமிலம் இன்னும் குறைஞ்ச இடத்துலயே இழை மடிஞ்சிருக்குன்னு எழுதப் போறேன்.