ஒன்பதாம் பாகத்தின் ஒரே பிரதி

மூன்று லட்சம். ஒன்பதாம் பாகத்துக்கு நான் வாங்கிய விலை அதுதான் சார். கொஞ்சம் குறைத்துக் கேட்டிருக்கலாமே என்று உங்கள் முகம் சொல்கிறது. விற்றாகிவிட்டது. இருபத்து நான்கு நிமிடம் ஓடுகிற ஒரு பொம்மைப் படம். அதில் ஓர் இரும்பு வாத்து, அதன் முதுகில் தபால்பையோடு ஒரு சிறுமி. இதற்கா மூன்று லட்சம் என்று எழுதிக்கொண்டிருக்கிறவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். விலை மதிக்க முடியாத பொருளுக்கு விலை சொல்கிறவன் பார்க்கிறவர்களுக்குக் கோமாளியாகத்தான் தெரிவான்.

நான் பழைய சாமான் கடைத் தெருவில் வளர்ந்தவன். அப்பா பழைய கட்டில், மின்விசிறி, ரசம் போன கண்ணாடி எல்லாம் விற்றார். எங்கள் வீட்டில் இரண்டாவது முறை பரிமாறுவதற்குக்கூடப் பேரம் நடக்கும். வேண்டிய பொருளைக் கடைசியாகப் பார், பக்கத்தில் இருப்பதன் விலையை முதலில் கேள் என்பது நான் நடக்கப் பழகும் முன்பே படித்த பாடம். பிறகு வீடியோ கேசட் வாடகைக் கடை வைத்தேன். கேசட்டின் காலம் முடிந்ததும் அதே கடையில் பழைய டெக்குகளைப் பழுது பார்த்துக்கொண்டு, கல்யாணக் கேசட்டுகளை டிஸ்க்கில் ஏற்றித் தந்துகொண்டு காலம் தள்ளினேன். யாரையும் ஏமாற்றாத தொழில்.

பழைய ஜப்பானியக் கார்ட்டூன் தேடுகிற பைத்தியம் எப்போது பிடித்தது என்று கேட்டீர்கள். தேதி சொல்ல முடியாது. ஆனால் சுகம் என்னவென்று சொல்லலாம். புதுப்படத்தை யாரும் பார்க்கலாம், அதில் என்ன இருக்கிறது? ஒரு மாலையில் லட்சம் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து வாய் பிளந்து பார்த்த ஒன்று, மறுநாள் முதல் உலகத்தில் எங்குமே இல்லை. எடுத்த கம்பெனி திவாலாகிவிட்டது. பிலிம் சுருள்களை எடைக்குப் போட்டுவிட்டார்கள். யாரோ ஒருவர் வீட்டு டெக்கில் பதிந்துவைத்த ஒரு கேசட், எங்கோ ஒரு பரண்மேல், பற்பசை விளம்பரத்துக்கும் வானிலை அறிக்கைக்கும் நடுவில் அதைப் பத்திரமாக வைத்திருக்கலாம். அது இருக்கிறது என்பது அந்த வீட்டாருக்கே தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். அந்த ஒரு நிமிடத்துக்காகப் பட்டினி கிடக்கலாம்.

என்னைப் போல முப்பது நாற்பது பேர் இருக்கிறோம். நேரில் பார்த்ததில்லை. அந்தச் சிறுமியின் தொப்பி பச்சையா நீலமா என்று இணையத்தில் வாரக்கணக்கில் எழுதிச் சண்டை போடுவோம். எவனாவது ஒரு காட்சியைத் தப்பாகச் சொன்னால் திருத்தாமல் எங்களுக்குச் சோறு இறங்காது. இரும்பு வாத்துத் தொடர் மொத்தம் பதின்மூன்று பாகம். பன்னிரண்டு கிடைத்துவிட்டன. ஒன்பதாம் பாகம் மட்டும் இல்லை. வாத்து கடலில் விழுகிற பாகம். பத்தாம் பாகத்தில் அது துருவோடு திரும்பி வந்து நிற்கும். நடுவில் என்ன நடந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. எங்கள் கூட்டத்திலேயே பணக்காரர் ஒரு பல் டாக்டர். ஒன்பதைக் கொண்டு வந்து கொடு, நீ சொல்வதுதான் விலை என்று என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார்.

தொழிலில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பாகத்துக்கு இரண்டு கேசட் கிடைத்தால் இரண்டாவதையும் நானே வாங்கிக் காந்தத்தின் மேல் வைத்து அழித்துவிடுவேன். கொடுத்தவர் கேட்டால், பூஞ்சை பிடித்துவிட்டது என்பேன். கூட்டத்தில் எனக்குப் பூஞ்சை என்றே பெயர். அவர்களும் சிரித்துக்கொண்டே அப்படி எழுதுவார்கள், நானும் சிரித்துக்கொண்டே பதில் போடுவேன். தோட்டக்காரன் கிளை வெட்டுவதில்லையா, அதுபோல.

அக்கா கடைக்கு வந்தது மழைக்காலத்தில். அக்கா என்றால் உறவு இல்லை, வயதுக்கு மரியாதை. ஒரு டெக்கைப் பெட்ஷீட்டில் சுற்றி ஆட்டோவில் கொண்டு வந்தார். ஒரு கேசட் தலையணை உறைக்குள் தனியாக இருந்தது. டெக்கின் விலையை முதலில் கேட்டேன், வழக்கப்படி. விற்க வரவில்லை என்றார்.

அவருடைய கணவர் கப்பலில் எஞ்சினியர். ஜப்பானில் ஒரு துறைமுகத்தில் கப்பல் மாதக்கணக்கில் நின்றபோது அங்கேயே டெக் வாங்கி, அங்கத்து டிவியிலிருந்து மகனுக்காக ஒரு கார்ட்டூனைப் பதிந்துகொண்டு வந்தார். அந்த ஊர் டேப் நம் டெக்கில் ஓடாது. அந்த டெக்கோ பல வருடமாகக் கெட்டுக் கிடந்தது. கணவர் பிறகு கப்பலிலேயே மாரடைப்பில் போய்விட்டார். மகன் அதற்கும் முன்னால், பதினாறு வயதில், சாலையில்.

"படம் எனக்கு வேணாம் தம்பி. கண்ணும் இப்போ சரியாத் தெரியல. அதுல அவன் பேசியிருக்கான். சின்னப் பையனா இருக்கறப்ப, அந்தப் பாஷை புரியலேன்னு மைக்கைப் போட்டு எல்லாருக்கும் இவனே பேசிட்டான். போட்டோ இருக்கு, சட்டை இருக்கு. குரல் இது ஒண்ணுலதான் இருக்கு. கொஞ்ச நாளா அது எனக்கு மறந்துக்கிட்டே வருது."

விட்டுட்டுப் போங்கக்கா, பார்க்கிறேன் என்றேன். கேசட்டைக் கடைசியாகத்தான் பார்த்தேன். கூட்டின்மேல் பையனின் கையெழுத்தில் 'வாத்து' என்று இருந்தது.

பெல்ட் மாற்றியதும் டெக் ஓடியது. முதல் காட்சியிலேயே எழுந்து கடைக் கதவைச் சாத்தினேன். கடல், பாறை, ஒரு சிறகு ஒடிந்த வாத்து. ஒன்பதாம் பாகம். ஆனால் சத்தம் ஒரு சிறுவனுடையது. சிறுமிக்குக் கீச்சுக்குரல், வாத்துக்கு மூக்கைப் பிடித்த குரல், கதையோ முழுக்க அவனாகக் கட்டியது.

இந்த இடம் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். அந்த மாதிரி டெக்கில் சத்தம் டேப்பின் இரண்டு இடத்தில் பதியும். ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு. படத்தோடு சேர்ந்து ஆழத்தில் இன்னொன்று. மைக் போட்டுப் பேசினால் ஓரக்கோடுதான் மாறும், ஆழத்தில் இருப்பது அப்படியே இருக்கும். எதைக் கேட்பது என்பதற்கு முன்பக்கம் ஒரு ஸ்விட்ச். அதை யாரும் நகர்த்திவிடக் கூடாது என்று பையன் அதன்மேல் காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரியை ஒட்டியிருந்தான். நான் பிளாஸ்திரியை உரித்து ஸ்விட்சைத் தள்ளினேன். அசல் ஜப்பானியக் குரல்கள், அசல் இசை, ஒரு கீறல் இல்லாமல். ஒரே டேப்பில் இரண்டு பேருக்கும் வேண்டியது இருந்தது. ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை.

அப்படியானால் இரண்டையும் காப்பி எடுத்து அக்காவுக்கு ஒரு டிஸ்க் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். நானும் யோசித்தேன். டிஸ்க் கொடுத்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளை பார்க்கும். யாராவது நல்ல மனசோடு இணையத்தில் போடுவார்கள். மறுநாள் உலகமே பார்க்கும். மூன்று லட்சம் ஒரு டீயின் விலைக்கு வந்து நிற்கும். டாக்டர் போனில் கேட்டது ஒரே கேள்விதான்.

"வேற காப்பி இருக்கா, பூஞ்சை?"

இல்லை என்றேன். அது உண்மைதான்.

சத்தத்தை மட்டுமாவது கொடுத்திருக்கலாம் என்கிறீர்கள். பையன் பேசும்போது டிவியையும் ஓடவிட்டிருக்கிறான். அவன் குரலுக்குப் பின்னால் அசல் இசை லேசாகக் கேட்கும். எங்கள் ஆட்களுக்கு அது போதும், நாலு சுரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். என் நியாயம் உங்களுக்குப் புரிகிறது என்று நினைக்கிறேன்.

ஓரக்கோட்டில் ஒரு பையனின் பேச்சு இருந்தால் எங்கள் வியாபாரத்தில் அதற்குப் பெயர் சேதம். விலையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். எனவே அதைச் சுத்தம் செய்தேன். முதலில் மரியாதைக்காக ஒரு முறை முழுதாகக் கேட்டேன். எனக்குக் காது நல்ல காது, ஒருமுறை கேட்டால் போதும். பிறகு மைக் துளையில் எதையும் செருகாமல், பையன் அழுத்திய அதே பொத்தானை நானும் அழுத்தினேன். அவன் பேசிப் பதிந்தான், நான் பேசாமல் பதிந்தேன். படம் ஓடி முடியும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நடுவில் எழுந்து போகவில்லை.

சுருளைக் கழற்றி வேறு கூட்டில் போட்டு டாக்டருக்கு அனுப்பினேன். காலிக் கூட்டுக்குள் வேறொரு பூஞ்சைச் சுருளை மாட்டி அக்காவிடம் திறந்து காட்டினேன். வெள்ளைப் பொடியை விரலால் தொட்டுப் பார்த்தார். அழவில்லை.

"கொஞ்சம்கூடவா வரல?"

சுத்தம் பண்ணிப் பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றேன். அப்போதே இல்லை என்று சொல்லியிருந்தால் வேறு கடைக்குக் கொண்டு போயிருப்பார். அதனால் வாரா வாரம் வந்தார். பஞ்சுக்கும் ஸ்பிரிட்டுக்கும் காசு வாங்கினேன். வாங்காவிட்டால் சந்தேகம் வரும். முக்காலியில் உட்கார்ந்து கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார். துளியாவது சத்தம் வந்தால் எனக்கு அடையாளம் தெரிய வேண்டுமாம். மகன் எந்த இடத்தில் இருமினான், எந்த இடத்தில் சிரிப்பை அடக்கினான் என்றெல்லாம் சொல்வார். நான் தலையாட்டிக்கொண்டே வேலை பார்ப்பேன். பெரும்பாலும் சரியாகத்தான் சொன்னார்.

முந்தாநாள்தான் தவறியது. எனக்குத்தான், அவருக்கு இல்லை.

"வாத்து கடல்ல விழுந்துடும் தம்பி. இந்தப் பொண்ணு பாறைமேல நின்னு வா வான்னு கூப்பிடுவா. அதுக்கு வாத்து சொல்லும், 'நான் வர லேட்டாகும், நீ சாப்பிட்டுப் படு'ன்னு. அவங்கப்பா போன்ல சொல்றத அப்படியே எடுத்து விட்டுட்டான், படவா."

நான் ஒரு மோட்டாரில் திருகாணி இறுக்கிக்கொண்டிருந்தேன். தலை நிமிராமலே சொன்னேன்.

"சாப்பிட்டுப் படு இல்லக்கா. 'எனக்கும் எடுத்து வச்சிட்டு நீ படு.'"

"எடுத்து வச்சிட்டு," என்றார் அக்கா மெதுவாக. "ஆமா. எடுத்து வச்சிட்டு. அதேதான்."

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. அது அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அடங்கின பிறகுதான் கேட்டார்.

"உனக்கு எப்படித் தம்பி தெரியும்?"

"நீங்கதான் போன வாரம் சொன்னீங்க."

"நான் சொல்லல. எனக்கே இப்பத்தான் ஞாபகம் வருது."

தப்பான வசனத்தை அப்படியே விட்டிருந்தால் இன்றைக்கும் கடையில் உட்கார்ந்திருப்பேன். அது எங்கள் ஆட்களால் முடியாத காரியம்.

அக்கா கத்தவில்லை. "அவன் எப்படிச் சொன்னான்? சொல்லிக் காட்டு," என்றார். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு, அவன் சொன்ன அதே இழுப்போடு சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார். இன்னொரு தடவை என்றார். நான் மோட்டாரை எடுத்துத் திருகாணியை இறுக்கத் தொடங்கினேன். அவர் எழுந்து, அன்றைய பஞ்சுக்கான காசை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் நீங்கள் வந்தீர்கள்.

ஆமாம் சார், நான்தான் அழித்தேன். தெரிந்துதான் அழித்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். டாக்டரிடம் பேசியதாகச் சொன்னீர்கள். அந்த அம்மா பாவம் என்றாராம், உடனே டேப்பை ஆதாரம் என்று எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டாராம். எடுத்தாலும் பயன் இல்லை. அதில் படம் இருக்கிறது, ஜப்பானியர்கள் பேசுகிறார்கள். ஓரக்கோடு சுத்தமாக இருக்கிறது. நான் அரைகுறையாக வேலை செய்கிறவன் இல்லை.

அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் என்றீர்கள். பையன் பேசிய எல்லாவற்றையும் நான் உட்கார்ந்து சொல்லிவிட்டால் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொல்கிறார் என்றீர்கள். நல்ல விலைதான். மறுக்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்தக் குரலுக்கு இப்போது உலகத்தில் இருப்பது ஒரே பிரதி, அது என் தலைக்குள் இருக்கிறது. சொல்லிவிட்டால் இரண்டாகிவிடும். முதலில் கேட்ட விலைக்கே கொடுப்பது எங்கள் வீட்டில் வழக்கமும் இல்லை. இரண்டு நாள் போகட்டும் என்று சொல்லுங்கள்.

சரக்கு பத்திரமாகத்தான் இருக்கிறது. பையன் பேசியது மொத்தம் நூற்றிருபது வசனம். அக்காவுக்குக் கொடுத்தது ஒன்று. கையில் நூற்றுப் பத்தொன்பது இருக்க வேண்டும். இன்று காலை உங்கள் லாக்கப்பில் உட்கார்ந்து வரிசையாக எண்ணிப் பார்த்தேன். நூற்றுப் பதின்மூன்றுதான் வந்தது.